லேமினேட் செய்த ஆறு ஏக்கர்

கல்லூரிக் கட்டணச் சலுகைக் குழுவின் அம்மையார் மேசையிலிருந்த காகிதத்தை இரண்டு விரலால் சுழற்றி என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது உங்களோடதுதானே?"

என்னுடையதேதான். ஆறு ஏக்கர் தென்னந்தோப்புக்குக் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது. எங்கள் வில்லேஜ் ஆபீசின் முத்திரை. மேல் வரியில் கொட்டை எழுத்தில் என் பெயர். கலரில் நகல் எடுத்திருந்ததால் முத்திரையின் ஊதாகூட அப்படியே விழுந்திருந்தது.

"ஆமாங்க," என்றேன்.

"முகவரிச் சான்று கேட்ட இடத்துல இதை வெச்சிருக்கீங்க. ஒரிஜினல் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கணக்கு அலுவலரிடம் நீட்டினார். அவரும் தடவிப் பார்த்தார்.

"லேமினேட் பண்ணியிருக்கீங்க."

"ஆமாங்க."

இந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் இருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் என் மகள் தாரணி. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஏ.சி.யின் வாயில் கட்டியிருந்த ரிப்பன் துண்டு படபடத்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் நம்மிடம் கோபப்படுவதை நிறுத்திவிட்டு வேறு எதையாவது பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோபமே தேவலை.

முக்கால் கால் ஆன கதை

புதிதாக இந்தத் தொடருக்குள் வந்து உட்கார்ந்தவர்களுக்காக: நான் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், வடகரப்பதிப் பக்கம் இருக்கிறேன். ஒரு பேரலல் காலேஜில் தமிழ் வாத்தியார். பேரலல் காலேஜ் என்றால் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் படிக்கும் இடம். கொஞ்ச காலமாக எல்லோருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்துவிடுகிறது. எனவே மூன்று பெஞ்சுக்குப் பாடம் நடத்துகிறேன். மழை பெய்தால் இரண்டு.

தாரணி படிப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், கோவையில், ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். மதிப்பெண்ணையும் குடும்ப நிலையையும் பார்த்துக் கட்டணத்தில் முக்கால் பங்கைக் கல்லூரியின் அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது. இரண்டு வருடம் ஏற்றுக்கொண்டது. மூன்றாம் வருடத்துக்குப் புதுப்பிக்க விண்ணப்பித்தோம். 'குடும்பத்தின் நிலவுடைமையைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் வந்தது. முக்கால், கால் ஆகிவிட்டிருந்தது.

மேல்முறையீடு செய்யலாம் என்று அதே மின்னஞ்சலின் கடைசி வரியில் இருந்தது. கட்டணத்துக்கான கடைசி நாளும் அங்கேயே இருந்தது. மின்னஞ்சல் வந்த நாளுக்கும் அதற்கும் இடையில் பதினெட்டு நாள்.

எந்தப் பேப்பரை வைப்பது

விண்ணப்பத்தில் முகவரிச் சான்று 'ஏதேனும் ஒன்று' என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"ஆதார் போதும்ப்பா," என்றாள் தாரணி.

"ரேசன் கார்டை வெய்ங்க," என்றாள் என் மனைவி.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. கேரளத்து ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்பவர் பெண். எங்கள் கார்டின் முன்பக்கத்தில் என் மனைவியின் படம் கம்பீரமாக இருக்கும். நான் உள்பக்கத்தில், உறுப்பினர்கள் வரிசையில், என் மகளுக்கு மேலே ஒரு வரி. ஒரு கல்லூரியின் முன்னால் அப்படிப் போய் நிற்க வேண்டாம் என்று தோன்றியது. ஆதாரில் இருக்கும் என் முகம் தேடப்படுபவர் முகம்.

மிச்சம் இருந்தது கரம் கட்டின ரசீது. உலகத்தில் என் பெயர் முதலில் வரும் ஒரே காகிதம். (இந்தப் பத்திரிகையில்கூட என் பெயர் கட்டுரைக்கு அடியில்தான் வருகிறது.)

"இதுல நெலம் எவ்வளவுன்னு இருக்குதுப்பா," என்றாள் தாரணி.

"இருக்கட்டும் கண்ணு. மரியாதையா இருக்கும்."

மரியாதையாகத்தான் இருந்தது. மதிப்புப் போட்டுக் கட்டணத்தையும் ஏற்றிவிட்டார்கள்.

அந்தப் பெயர் வந்த விதம்

அந்த ஆறு ஏக்கர் அப்பாவுடையது. எனக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. அப்பா போனபிறகு தண்டப்பேரை, அதாவது யார் பெயரில் கரம் கட்டுவது என்கிற பதிவை, மாற்ற வேண்டியிருந்தது.

வில்லேஜ் ஆபீசில் எல்லாம் மலையாளம். அண்ணனுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அந்த ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு வியர்த்துவிடும். தங்கை கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். "படிச்சவன் நீதான். உன்ற பேருலயே போட்டுரு. எவன் போய் அங்க நிக்கறது," என்றார் அண்ணன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நிலம் என் பெயருக்கு வந்தது.

பெயர் மட்டும். தோப்பு அண்ணன் கையில்தான். உழுதது, உரம் போட்டது, போர் போட்டு மூன்றுமுறை வெறும் புழுதி பார்த்தது, வெள்ளை ஈ விழுந்த ஓலையைக் கழித்தது, கொஞ்சம் மரத்தைக் கள்ளுக்கு விட்டது, அந்தக் காசில் கடன் கட்டியது எல்லாம் அவர். வருடத்துக்கு ஒருநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்க் கரம் கட்டி ரசீது வாங்கி வருவது நான். அதை வேலந்தாவளத்தில் லேமினேட் செய்வதும் நான்.

எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவன் பெயரில் எல்லோருடைய நிலமும் இருக்கும். யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் ஒற்றுமை.

வராந்தாவில் ஒரு விமரிசனம்

குழுவின் முன்னால் இதையெல்லாம் சொன்னேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். மோசமான மனுஷி இல்லை. அதுதான் அலுப்பாக இருந்தது. மோசமானவராக இருந்திருந்தால் பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்திருக்கலாம்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம் சார். ஆனா பேப்பர்ல நீங்க ஆறு ஏக்கர்க்காரர். நிலம் மூணு பேருக்குப் பொதுன்னு எழுதி, மத்த ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, உங்க வில்லேஜ் ஆபீசர் முத்திரையோட கொண்டு வாங்க. பத்து நாள்ல."

நான் கொண்டுபோயிருந்த மேல்முறையீட்டு மனுவையும் திருப்பிக் கொடுத்தார். நான்கு பக்கம். மழை மறைவுப் பிரதேசத்தின் வேளாண்மை பற்றி ஒரு பத்தி, கல்வியின் மாண்பு பற்றி ஒரு பத்தி, இரண்டு இடத்தில் லேசான நகைச்சுவை. நகைச்சுவைக்குப் பக்கத்தில் கணக்கு அலுவலர் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். என் எழுத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமரிசனம் வந்ததில்லை.

வெளியே வராந்தாவில் ரெக்ஸின் சோபா. அதில் ஓர் அம்மா மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். வண்டிப்பெரியாருக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். முந்தின நாளே புறப்பட்டு, கம்பம் வழியாகப் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மகன் இங்கே முதல் வருடம். அவனுக்கும் சலுகையைக் குறைத்துவிட்டார்கள்.

"சார், மலையாளம் வாசிப்பீங்களா? இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியலங்காக."

வாங்கிப் பார்த்தேன். எஸ்டேட் கொடுத்த கடிதம். அவருடைய வீட்டுக்காரர் வேலை முடிந்து வெளியே வந்தபோது கிடைத்த கிராஜுவிட்டித் தொகை. அதைக் கல்லூரி வருட வருமானம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதன் சாரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் மனுவை ஏற்கெனவே தானே எழுதி வைத்திருந்தார். நோட்டுத் தாளில் இரண்டு வரி.

'இந்தப் பணம் ஒருக்காத்தான் வந்தது. இனிமே வராது.'

"இவ்வளவுதானா?" என்றேன்.

"வேற என்ன இருக்கு?" என்றவர் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். "சார் இம்புட்டு எழுதியிருக்கீகளே. இதை அவுக வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை படிச்சு வெளிய வந்துருமே!"

தாரணி சிரித்தாள். அந்தப் பதினெட்டு நாளில் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நம்மூருப் பக்கம் சித்தூர் காலேஜ்ல கேட்டுப் பாத்தனுங்ப்பா. பி.எஸ்ஸி. இருக்குதாம். ஆனா மறுபடியும் மொத வருசத்துலருந்துதான்."

"எப்ப கேட்டே?"

"போன வாரம்."

நான் நான்கு பக்கத்தில் நகைச்சுவையைச் செதுக்கிக்கொண்டிருந்த வாரம் அது. எல்லைச் சோதனைச் சாவடி வந்ததும் எழுந்து நின்றோம். இறங்குகிற இடம் அதற்கு இரண்டு நிறுத்தம் தள்ளி.

இரண்டு வரி

அன்றைக்கே நான்கு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டு எழுதினேன்: 'இந்த நிலம் மூன்று பேருக்குச் சொந்தம். இதிலிருந்து எனக்கு வருமானம் எதுவும் வருவதில்லை.'

படித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் மிகத் தெளிவானது. அதனாலேயே பயமாக இருந்தது. நான்கு பக்க மனுவில் 'உடன்பிறந்தோரின் கூட்டு அனுபோகத்தில்' என்று எதையோ எழுதிச் சமாளித்திருந்தேன். அதில் யாருக்கும் எதுவும் புரியாது. இதில் எல்லோருக்கும் எல்லாம் புரியும்.

தங்கைக்குப் போன் செய்தேன். "நானு எங்க வேணுமின்னாலும் போடறனுங்ணா," என்றாள். பிறகு கேட்டாள்: "பெரியண்ணங்கிட்டக் கேட்டுட்டீங்களா?"

கேட்கவில்லை. அதற்குத்தான் மூன்று நாள் ஆனது.

எங்கள் ஊரில் உடன்பிறந்தவர்களுக்குள் நிலத்தைப் பற்றி எழுத்தில் ஏதாவது கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மகளின் படிப்புக்காக, கல்லூரியில் காட்ட, வெறும் காகிதத்துக்காக என்று என்ன சொன்னாலும் கேட்கிறவர் காதில் 'பாகம்' என்றுதான் விழும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அண்ணன் பத்தாவதோடு நின்றவர். அவருக்குப் படிப்பு வராமல் இல்லை. அந்த வருடம் மழை வரவில்லை. இரண்டு பேரில் ஒருவன்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் புத்தகக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டார். நான் பாலக்காட்டில் எம்.ஏ. முடிக்கும் வரை மாதா மாதம் என் கைக்கு வந்த காசு அவர் தோப்பில் நின்று சம்பாதித்தது. எந்தப் படிவமும் நான் நிரப்பவில்லை. முகவரிச் சான்று கேட்கவில்லை. வருடா வருடம் புதுப்பிக்கவும் இல்லை.

அண்ணன் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சொட்டுவாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். மண் போனதும் துப்பிவிட்டு மறுபடி மாட்டுவார். நான் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். ஊதிக்கொண்டே கேட்டார்.

"படி," என்றார்.

இரண்டு வரியையும் படித்தேன்.

"இன்னொருக்கா படி. ரெண்டாவது வரி."

படித்தேன். அவர் கையிலிருந்த சொட்டுவாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வருமானம் எதும் வரதில்லையா?"

"அண்ணா..."

"மாசாமாசம் தேங்கா வருதில்லொ? கடலைக்காய் போட்டா ஒரு மூட்டை வருதில்லொ? அதெல்லாம் என்னடா?"

"அதை எழுதுனா வருமானம்னு ஆயிரும்ணா. அப்பறம் அதையும் கணக்குல சேத்திருவாங்க."

"அப்ப நாங் குடுத்தது எதும் பேப்பர்ல வராது."

"வராதுங்ணா."

மோட்டார் ரூம் பக்கமிருந்து நங்கையா வந்தார். நங்கையா என்றால் அண்ணனின் மனைவி. எங்கள் பேச்சின் கடைசிப் பகுதியைக் கேட்டிருக்க வேண்டும்.

"என்னுங்க கொழுந்தனாரே, பாகத்துக்கு அடி போடறீங்களா?"

"அய்யோ, இல்லீங் நங்கையா. தாரணி படிப்புக்குத்தான்."

"படிப்புக்குத்தானுங்க எல்லாம். அன்னிக்கும் படிப்புக்குத்தான்."

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன் என்று என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது. ஒரு தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் பெயரில் இருக்கும் தென்னை.

அண்ணன் குழாயை விட்டு நிமிர்ந்தார். "புள்ளைக்கு என்னிக்குக் கடேசி நாளு?"

சொன்னேன்.

"செரி. திங்கக்கெழமை போலாம்."

வில்லேஜ் ஆபீஸ்

திங்கட்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். வியர்த்திருந்தது. தங்கையும் திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள். பூ வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போவதா, துக்கத்துக்குப் போவதா என்று தெரியாத இடங்களுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் பூ வைத்துக்கொண்டுதான் போவார்கள்.

ஆபீசர் இளைஞர், தன்மையானவர். காகிதத்தைப் படித்துவிட்டு மூன்று பேரையும் ஏறிட்டுப் பார்த்தார்.

"பாகம் கழிஞ்ஞோ?" என்றார். பங்கு பிரித்தாகிவிட்டதா என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னார்:

"இல்லீங் சார். இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். தங்கை எழுதினாள். முத்திரை விழுந்தது. அதே ஊதா.

பாதி

காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்தமுறை குழு என்னை உள்ளே கூப்பிடவில்லை; தாரணி மட்டும் போனாள். வெளியே வந்து, "ரெண்டு வரிதானான்னு கேட்டாங்கப்பா. ஆமான்னேன்," என்றாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவள் போனுக்குச் செய்தி வந்தது. பாதி. முக்காலும் இல்லை, காலும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்றாலும் இரண்டு ஏக்கர் இரண்டு ஏக்கர்தானே என்று கணக்கு அலுவலர் நினைத்திருக்கலாம். வண்டிப்பெரியார் அம்மாவின் மகனுக்கு முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று தாரணி விசாரித்து வந்து சொன்னாள். எழுத்தாளர்கள் யாருக்காவது மனு எழுதப் பயிற்சி வேண்டுமென்றால் எஸ்டேட் பஸ் பிடிக்கலாம்.

மிச்சத்துக்கு நான் சாயங்காலம் பத்தாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தாரணி கல்லூரி நூலகத்தில் மாலையில் இரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறாள். கடைசிப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவாள். மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருக்கிறது.

தோப்பில் எல்லைக்கல் விழுந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அண்ணனே ஒருநாள் சர்வேயரைக் கூட்டி வந்துவிட்டார். "ஆரம்பிச்சாச்சு, முடிச்சிரலாம்," என்றார். சண்டை எதுவும் இல்லை. கிணறு பொதுவில் நிற்கிறது. தேங்காய் இப்போதும் வருகிறது. முன்பெல்லாம் அண்ணன் மகன் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போவான். இப்போது என் பங்கில் விழுந்ததை நான் போய் எடுத்துவர வேண்டும். தென்னை ஏறுகிறவருக்கு என் மரம் எது என்று இன்னும் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கே அண்ணனைக் கேட்டால்தான் தெரிகிறது.

தண்டப்பேர் மூன்றாகிவிட்டது. என் ரசீதில் இப்போது இரண்டு ஏக்கர்.

கரம் கட்டும் காலம் வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கல் போட்டபிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியது அன்றுதான். மனைவி காப்பி கொடுத்தாள். குடித்து முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுலயே கரம் கட்டலாமாமா. எல்லாம் மலையாளத்துல கெடக்குது. கட்டிக் குடு."

கட்டினேன். ரசீது திரையில் வந்தது. போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோனார்.

"என்ற பேரு எது?"

மேல் வரியைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். முப்பது வருடமாக அந்த மண்ணில் நின்றவர். அவர் பெயர் போட்ட ரசீது இதுதான் முதல்.

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"டேய், உன்றதுக்குப் போடுவியே, அந்தப் பிளாஸ்டிக்கு. அதையும் போட்டுக் குடு."

அன்றைக்கே வேலந்தாவளம் போய் ரசீதை அச்செடுத்து லேமினேட் செய்துகொண்டு வந்தேன். அவருடையதை மட்டும்.